ஒரு சட்டகம், இரண்டு குழல்: கைத்துப்பாக்கியின் பாகங்கள் சொல்லும் வரலாறு

செய்தி மேசையில் பணியாற்றிய காலத்தில் என் கையால் மிக அதிகமாக எழுதப்பட்ட எண் எதுவென்று எவரேனும் கேட்டால் தயங்காமல் 9 என்று சொல்வேன். '9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கியால் சுடப்பட்டார்', '9 மில்லிமீற்றர் ரவைக்கோதுகள் கண்டெடுக்கப்பட்டன' என்று பொலிஸ் தரப்பு தொலைபேசியில் சொன்னதை நாம் எழுதினோம்; வாசகர்கள் வாசித்தார்கள்; மறுநாள் இன்னொரு ஊரிலிருந்து அதே எண் வந்தது. அந்த 9 எதனுடைய அளவு, யார் அதனை முதலில் அளந்தார், ஏன் 8 ஆகவோ 10 ஆகவோ அது இருக்கவில்லை என்ற கேள்விகளை நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க நேரமும் இருந்ததில்லை.

கேட்க வைத்தவர் என் தங்கையின் மகன். போர்க்காலத்தில் சிறுவனாகத் தாயோடு நாட்டைவிட்டு வெளியேறியவர், இன்று அமெரிக்கப் பிரஜை. ஒஹாயோ மாநிலத்தில் இரவு முழுவதும் திறந்திருக்கும் கடையொன்றை நடத்துகிறார். தம் வாழ்வின் முதலாவது கைத்துப்பாக்கியை வாங்கிய செய்தியை அவர் தாய்க்குச் சொல்லுமுன் எனக்குச் சொன்னார். பொலிஸ் திணைக்களம் ஒன்று பாவித்துக் கழித்த பழைய ஆயுதம். விலை குறைவு. கூடவே தனியாக இன்னொரு குழலும் வாங்கியிருந்தார்.

"மாமா, அடிச்சட்டம் ஒண்டுதான். குழலைக் கழட்டி மாத்தினா 40 உம் சுடலாம், 9 உம் சுடலாம். 9க்கு ரவை மலிவு, பழகிறதுக்கு அது போதும்" என்றார்.

"அப்ப உன்னட்டை இருக்கிறது ஒரு துவக்கோ, ரெண்டு துவக்கோ?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துப்பாக்கிச் சத்தத்துக்கு அஞ்சிக் கடல் கடந்த குடும்பத்தின் பிள்ளை அதனை விலை கொடுத்து வாங்கியிருக்கிறது என்ற எண்ணம் ஒருபுறம். நான் சாதாரணமாகக் கேட்ட கேள்விக்கு விடை எளிதானதல்ல என்ற ஐயம் மறுபுறம். அதன் பின்னர் தேடி வாசித்தவற்றின் சுருக்கமே இக்கட்டுரை.

எந்தப் பாகமும் எதற்கும் பொருந்தும்

ஒரு துப்பாக்கியின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் பொருத்தலாம் என்பது இன்று நமக்கு வியப்பாகத் தோன்றுவதில்லை. 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அது நடவாத காரியம். ஒவ்வொரு துப்பாக்கியையும் ஒரு கம்மியர் அரத்தினால் அராவி, பாகத்துக்குப் பாகம் இணக்கிச் செய்தார். ஒன்றின் விசைப்பொறி உடைந்தால் பக்கத்துத் துப்பாக்கியின் விசைப்பொறி அதற்கு உதவாது. போர்க்களத்தில் பழுதுபட்ட ஆயுதம் கம்மியரைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது.

இதனை மாற்ற முயன்றவர்களுள் முக்கியமானவர் ஒனோரே பிளாங் என்ற பிரெஞ்சுத் துப்பாக்கிக் கம்மியர். 1785ஆம் ஆண்டில் அவருடைய பட்டறைக்குச் சென்று பார்த்த ஒருவர், 50 விசைப்பொறிகளின் பாகங்கள் பிரித்து வைக்கப்பட்டிருந்ததையும், கைக்கு அகப்பட்ட துண்டுகளைக் கலந்தெடுத்துத் தாமே சிலவற்றைப் பூட்டியதையும், அவை பிசகின்றிப் பொருந்தியதையும் அவ்வாண்டு ஓகஸ்ட் 30ஆம் திகதி தம் அரசாங்கத்துக்குக் கடிதமாக எழுதினார். அவர் அப்போது பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்த தொமஸ் ஜெபர்சன். பின்னாளில் அந்நாட்டின் மூன்றாவது ஜனாதிபதி.

பிரான்சில் கைவினைஞரின் எதிர்ப்பும் புரட்சியின் குழப்பமும் அந்த முயற்சியை முடக்கின. அமெரிக்காவில் அது வேர்கொண்டது. அங்கு இக்கதை பெரும்பாலும் ஈலை விற்னி என்பவரின் பெயரோடு சொல்லப்படுவதுண்டு. 1798இல் 10,000 துப்பாக்கிகளை இரண்டே ஆண்டுகளில் செய்து தருவதாக அவர் அரசாங்கத்துடன் ஒப்பந்தம் செய்தார். 1801இல் வோஷிங்டனில் பெரியவர்கள் முன்னிலையில் பாகங்களை மாற்றிப் பூட்டிக் காட்டிப் புகழும் பெற்றார். கடைசித் துப்பாக்கி 1809இல்தான் கையளிக்கப்பட்டது. 1960களில் வரலாற்றாய்வாளர்கள் எஞ்சியிருந்த விற்னி துப்பாக்கிகளைக் கழற்றிப் பார்த்தபோது அவற்றின் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பாடப்புத்தகங்களில் வீரராக நின்றவர் காட்சி காட்டியவராகவே ஆய்வில் வெளிப்பட்டார். பத்திரிகைக்காரனாகிய எனக்கு இதில் ஒரு பாடம் உண்டு. மேடையில் காட்டப்பட்டதை எழுதிவிட்டுக் களஞ்சியத்தில் இருப்பதைப் பார்க்காமல் விடுவது எங்கள் தொழிலின் பழைய நோய்.

உண்மையான வேலை ஆரவாரமில்லாத மனிதர்களால் நடந்தது. கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த சிமியோன் நோர்த் என்பவர் அவர்களுள் ஒருவர். 1813இல் 20,000 கைத்துப்பாக்கிகளுக்கு, ஒன்று 7 டொலர் வீதம், அரசாங்கம் அவருடன் செய்த ஒப்பந்தத்தில் ஒரு புதிய நிபந்தனை எழுதப்பட்டது. எந்தவொரு கைத்துப்பாக்கியின் எந்தப் பாகமும் அந்த 20,000இல் எதற்கும் பொருந்த வேண்டும் என்பதே அது. பொருந்தும் பாகங்கள் என்ற எண்ணம் ஒப்பந்த வாசகமாக எழுதப்பட்ட ஆரம்ப ஆவணங்களுள் ஒன்று கைத்துப்பாக்கியைப் பற்றியது என்பது குறிப்பிடத்தக்கது.

அதே காலத்தில் ஹாப்பர்ஸ் பெரியிலிருந்த அரச ஆயுதசாலையில் ஜோன் ஹோல் என்பவர் இயந்திரங்களையும் அளவு மானிகளையும் கொண்டு தமது றைபிள்களைச் செய்தார். 1834 அளவில் நோர்த் தமது பட்டறையில் செய்த றைபிளின் பாகங்களும், நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஹோல் செய்த றைபிளின் பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தின. ஒருவரையொருவர் காணாத இரு தொழிலாளரின் கைவேலை ஒரே பொறியாகச் சேர்ந்தது. தையல் இயந்திரமும் சைக்கிளும் மோட்டார் காரும் பின்னர் சென்றது இதே வழியில்தான்.

பிரித்தானியர் இதனை நம்புவதற்கு நெடுங்காலம் எடுத்தது. 1854இல் ஸ்பிறிங்பீல்ட் ஆயுதசாலைக்கு வந்த பிரித்தானியக் குழுவினர், 1844 முதல் 1853 வரை ஆண்டுக்கு ஒன்றாகச் செய்யப்பட்ட பத்துத் துப்பாக்கிகளைத் தெரிந்து, பிரித்து, பாகங்களைக் கலந்து, ஒரு தொழிலாளியிடம் கொடுத்துப் பூட்டச் சொன்னார்கள். அவர் பூட்டினார். குழுவினர் அமெரிக்க இயந்திரங்களை வாங்கி என்பீல்ட் நகருக்கு அனுப்பினார்கள். என்பீல்ட் என்ற பெயரை நமது பிராந்தியம் நன்கறியும். அப்பெயர் கொண்ட 1853ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கியின் கொழுப்புப் பூசிய தோட்டாக்களே 1857இல் இந்தியச் சிப்பாய்களின் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணமாயின.

எண்களின் பொய்யும் மெய்யும்

கலிபர் என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் என்று அகராதி சொல்லும். நடைமுறையில் அது பாதி உண்மையே. 38 என்று பெயர்பெற்ற றிவோல்வரின் சன்னத்தை அளந்தால் 0.38 அங்குலம் இராது, ஏறத்தாழ 0.357 அங்குலமே இருக்கும். இந்தப் பொய் எப்படி வந்தது?

1870களின் தொடக்கத்தில், பித்தளைக் கோதுடன் கூடிய தோட்டா பரவியபோது, வெடிமருந்தையும் ஈயக்குண்டையும் தனித்தனியே இடித்து நிரப்பும் பழைய 36 கலிபர் றிவோல்வர்கள் பல்லாயிரக்கணக்கில் மக்களிடம் இருந்தன. அவற்றை எறிந்துவிட எவருக்கும் மனமில்லை. சுழலும் உருளையின் பின்புறத்தைத் துளைத்துப் புதிய தோட்டாவை ஏற்கச் செய்தார்கள். அந்தத் துளையின் அகலத்துக்கு ஏற்ப வந்த தோட்டாவே 38 எனப்பட்டது. சன்னத்தின் வடிவம் பின்னர் மாறியது, பெயர் மாறவில்லை. ஒரு பழைய ஆயுதத்தைக் கலிபர் மாற்றிப் பிழைக்க வைத்த வேலையின் தழும்பு இன்றுவரை அந்த எண்ணில் இருக்கின்றது.

இனி எனது 9க்கு வருகிறேன். 1900ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்து இராணுவம் ஜோர்ஜ் லூகர் வடிவமைத்த கைத்துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. அதன் கலிபர் 7.65 மி.மீ. கோதின் உடல் அகன்றும், சன்னத்தைப் பிடிக்கும் கழுத்து ஒடுங்கியும் ஒரு போத்தலைப் போல இருக்கும். ஏனைய இராணுவங்கள் அதிலும் பெரிய சன்னத்தைக் கேட்டன. முழுத் துப்பாக்கியையும் புதிதாக வடிவமைப்பதற்குப் பதிலாக லூகர் எளிய வழியொன்றைக் கண்டார். கோதின் அடிப்பாகத்தை அப்படியே விட்டு, ஒடுங்கிய கழுத்தை விரித்தார். விரித்த கழுத்தில் 9 மி.மீ. சன்னம் அமர்ந்தது. அடி மாறாதபடியால் கோதைப் பற்றி இழுக்கும் கொக்கியும் அடிக்கும் ஊசியும் மாறவேண்டியிருக்கவில்லை. குழலை மாற்றினால் போதுமானதாயிற்று. இது நடந்தது 1902இல். ஜேர்மன் கடற்படை 1904இலும் தரைப்படை 1908இலும் அதனை ஏற்றுக்கொண்டன. அதனைச் செய்த பேர்லின் நிறுவனம், அமைதி வேண்டுமெனில் போருக்கு ஆயத்தமாகு என்ற பொருள்தரும் இலத்தீன் முதுமொழியைத் தன் இலச்சினை வாசகமாகக் கொண்டிருந்தது. 'பரபெல்லம்' என்ற தோட்டாவின் பெயர் அதிலிருந்து வந்தது.

ஆக, உலகில் மிகப் பரவலாகப் பாவிக்கப்படும் கைத்துப்பாக்கித் தோட்டாக்களுள் முதன்மையானதாகிய அந்த 9, எவரோ ஆழ்ந்து ஆராய்ந்து கண்ட உன்னத அளவு அன்று. இருந்த துப்பாக்கியை வீணாக்காமல் குழலை மட்டும் மாற்றிச் சமாளிக்க முயன்றதால் பிறந்த அளவு.

பொருந்தும் பாகங்களில் ஆபத்தும் உண்டு. முதலாம் உலகப்போரின்போது ஜேர்மன் இராணுவத்துக்கு லூகர் கைத்துப்பாக்கிகள் போதவில்லை. 1916இல் மவுசர் நிறுவனத்திடம், அதுவரை 7.63 மி.மீ. கலிபரில் செய்யப்பட்டுவந்த அதன் கைத்துப்பாக்கியை 9 மி.மீ. கலிபரில் செய்து தருமாறு கேட்டது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. படைவீரன் இருட்டில் தவறான ரவையை இடாதிருக்க, மரப்பிடியில் பெரிய 9 என்ற எண்ணைச் செதுக்கிச் சிவப்பு நிறம் பூசினார்கள். சேகரிப்பாளர்கள் இன்றும் அதனைச் 'சிவப்பு ஒன்பது' என்றே அழைக்கிறார்கள்.

சிறைக்குள் பிறந்த யோசனை

அமெரிக்கர் வேறு வழியில் சென்றார்கள். பிலிப்பைன்ஸ் தீவுகளில் நடந்த சண்டைகளில் தங்கள் 38 கலிபர் றிவோல்வர் எதிரியை நிறுத்தவில்லை என்று படையினர் முறையிட்டனர். 1904இல் சிக்காகோவின் கால்நடைக் கொட்டில்களில், உயிருள்ள மாடுகள் மீதும் மனிதப் பிரேதங்கள் மீதும், இன்று வாசிக்கையில் மனம் கூசும் பரிசோதனைகள் நடத்தப்பட்டன. 0.45 அங்குலத்துக்குக் குறைந்த கலிபர் வேண்டாம் என்பது முடிவு. அதன்படி ஜோன் பிறவுணிங் வடிவமைத்த கோல்ட் கைத்துப்பாக்கி 1911 மார்ச் 29 அன்று இராணுவத்தில் ஏற்கப்பட்டது.

45 கலிபர் ரவை பெரியது, விலையும் கூடியது. பொருளாதார மந்தம் உலகை அழுத்திய 1930களில் பயிற்சிக்கு அதனைச் செலவிடுவது சுமையாக இருந்தது. எனவே மலிவான 22 கலிபர் ரவையைச் சுடும் அதே வடிவக் கைத்துப்பாக்கியை கோல்ட் நிறுவனம் 1931இல் வெளியிட்டது. அந்தச் சிறு ரவைக்குப் பெரிய பொறியைத் தள்ளும் வலு போதவில்லை. அக்குறையைத் தீர்த்தது டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ் என்பவரின் 'மிதக்கும் அறை'. ரவை அமரும் அறையே சிறிது பின்னோக்கி நகர்ந்து, சிறு ரவையின் தள்ளுவிசையைப் பெருக்கிக் காட்டும். 1938இல் அந்த அமைப்புடன் மேற்சறுக்கி, குழல், மகசின் முதலியவை ஒரு தொகுதியாக விற்பனைக்கு வந்தன. 45 வைத்திருப்பவர் சட்டகத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேற்பாகத்தை மாற்றினால் அது 22 ஆகிவிடும். என் மருமகன் இன்று செய்வதை அவருடைய ஊர்க்காரர்கள் எட்டுத் தசாப்தங்களுக்கு மேலாகச் செய்துவருகிறார்கள்.

இந்த வில்லியம்ஸ் யார் என்பது தனிக்கதை. வட கரோலைனாவில் கள்ளச் சாராயம் காய்ச்சியவர். 1921இல் அவருடைய வடிசாலையைச் சுற்றிவளைத்தபோது பொலிஸ் அதிகாரி ஒருவர் சுடப்பட்டு இறந்தார். அக்கொலைக்காக வில்லியம்ஸ் நீண்டகாலச் சிறைத்தண்டனை பெற்றார். சிறைப் பட்டறையில் காவலர்களின் ஆயுதங்களைத் திருத்தும் வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டது. அங்கேதான் தம் யோசனைகளை உருவாக்கினார். 1929இல் விடுதலையானார். 1952இல் ஹொலிவூட் அவரைப் பற்றித் திரைப்படமே எடுத்தது. கொல்லப்பட்ட அதிகாரியைப் பற்றி எவரும் படமெடுக்கவில்லை.

குழல் மாறிய வழக்கு

குழலை மாற்றுவது விளையாட்டோ சிக்கனமோ மாத்திரமல்ல என்பதை உணர்த்திய நிகழ்வு ஒன்று நீதிமன்றத்திலேயே நடந்தது.

1920 ஏப்ரல் 15 அன்று மசாசுசெட்ஸ் மாநிலத்தின் தெற்கு பிறெய்ன்ட்றீ என்ற ஊரில், சப்பாத்துத் தொழிற்சாலையின் சம்பளப் பணத்தைக் கொண்டு சென்ற இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நிக்கோலா சாக்கோ, பார்த்தலோமியோ வான்செற்றி என்ற இரு இத்தாலியக் குடியேறிகள் கைதானார்கள். இருவரும் அரசற்ற சமூகத்தை வேண்டிய தீவிரவாதிகள். 1921 ஜூலையில் குற்றவாளிகளெனத் தீர்ப்பானது. அவர்கள் கொள்கைக்காகவே தண்டிக்கப்பட்டார்கள் என்று உலகெங்கும் தொழிலாளர் வீதிக்கு வந்தனர்.

கொல்லப்பட்ட காவலாளியின் உடலிலிருந்து எடுத்த சன்னம் சாக்கோவிடம் இருந்த 32 கலிபர் கோல்ட் கைத்துப்பாக்கியிலிருந்து வெளியானதா என்பதே வழக்கின் மையக் கேள்விகளுள் ஒன்று. குழலின் உட்புறத்திலுள்ள முறுக்குத் தவாளிப்புகள், அதனூடாகச் செல்லும் சன்னத்தில் கீறல்களைப் பதிக்கும். அக்கீறல்களைக் குழலோடு ஒப்பிட வேண்டும். 1923 நவம்பரில் எதிரித்தரப்பு நிபுணர் அல்பேட் ஹமில்ட்டன், அதே வகையைச் சேர்ந்த இரு புதிய கைத்துப்பாக்கிகளுடன் நீதிமன்றுக்கு வந்தார். நீதிபதி வெப்ஸ்ரர் தேயரின் முன்னிலையில் மூன்றையும் பிரித்து, பாகங்களை விளக்கி, மீண்டும் பூட்டினார். புதிய இரண்டையும் எடுத்துக்கொண்டு அவர் புறப்படுகையில், மூன்றும் நீதிமன்றிலேயே இருக்கட்டும் என்று நீதிபதி தடுத்தார்.

சில மாதங்களின் பின் அரச தரப்பு நிபுணர் சாக்கோவின் ஆயுதத்தை ஆராய்ந்தபோது, பழைய கைத்துப்பாக்கியினுள் பளபளக்கும் புதிய குழல் இருந்தது. பழைய குழல் புதிய கைத்துப்பாக்கி ஒன்றினுள் இருந்தது. ஒவ்வொரு தரப்பும் மற்றத் தரப்பைக் குற்றஞ்சாட்டியது. குழல்கள் மாற்றப்பட்டுள்ளன என்று கண்ட நீதிபதி, மாற்றியவர் யாரெனத் தீர்ப்பில் சொல்லாமல், பழைய குழலை உரிய இடத்தில் சேர்க்கப் பணித்தார். 1927 ஓகஸ்ட் 23 அன்று இருவருக்கும் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. 1961இலும் 1983இலும் நடந்த மறுபரிசோதனைகள் அந்தச் சன்னம் சாக்கோவின் ஆயுதத்திலிருந்து வந்ததென்றே காட்டின. சன்னமே மாற்றப்பட்டிருக்கலாம் என்று வாதிடுவோர் இன்றும் உளர். வழக்கு நியாயமாக நடத்தப்படவில்லை என்று 1977இல் அம்மாநில ஆளுநர் பிரகடனம் செய்தார்.

சிமியோன் நோர்த்தின் ஒப்பந்தத்தில் பெருமையோடு எழுதப்பட்ட நிபந்தனை, நூறாண்டு கடந்து ஒரு மனிதனின் உயிர் தொங்கிய இடத்தில் சந்தேகமாகத் திரும்பி வந்தது. எந்தக் குழலும் எந்தச் சட்டகத்துக்கும் பொருந்துமானால், 'இந்தத் துப்பாக்கி' என்று எதைச் சுட்டுவது?

மருமகனின் 40 எங்கிருந்து வந்தது

1986 ஏப்ரல் 11 அன்று மயாமி புறநகரில், இரு கொள்ளையர்களை மறித்த எப்.பி.ஐ. முகவர்கள் எண்மருள் இருவர் கொல்லப்பட்டனர், ஐவர் காயமடைந்தனர். முகவர் ஒருவரின் 9 மி.மீ. சன்னம் கொள்ளையன் ஒருவனின் உடலுக்குள் சென்றும் இதயத்தை எட்டுமுன் நின்றுவிட்டது; அவன் தொடர்ந்து சுட்டான். இதன் விளைவாக எப்.பி.ஐ. மேலும் வலிய 10 மி.மீ. தோட்டாவை நாடியது. அதன் பின்னுதைப்புப் பலருக்குத் தாங்கவில்லை. எனவே மருந்தைக் குறைத்தார்கள். மருந்து குறைந்ததும் கோதில் வெற்றிடம் மிஞ்சியது. வெற்றிடம் எதற்கு என்று கோதையே குட்டையாக்கினார்கள். குட்டையான கோது 9 மி.மீ. கைத்துப்பாக்கியின் அளவுள்ள சட்டகத்தில் அடங்கிற்று. 1990 ஜனவரியில் ஸ்மித் அன்ட் வெசன், வின்செஸ்டர் நிறுவனங்கள் வெளியிட்ட 40 கலிபர் தோட்டா இதுவே. அமெரிக்கப் பொலிஸ் திணைக்களங்கள் பெருந்தொகையில் அதற்கு மாறின. ஒஸ்ரியாவின் குளொக் நிறுவனம் அந்தக் கலிபரில் கைத்துப்பாக்கிகளை விரைந்து செய்து சந்தையைப் பிடித்தது.

1994இல் வந்த 357 சிக் என்ற தோட்டா, 40இன் கோதை எடுத்துக் கழுத்தை ஒடுக்கிச் செய்யப்பட்டது. 1902இல் லூகர் கழுத்தை விரித்தார், இவர்கள் ஒடுக்கினார்கள். தந்திரம் ஒன்றே. அடி மாறவில்லை, குழல் மாத்திரம் மாறினால் போதும்.

பின்னர் சன்னங்களின் அமைப்பு மேம்பட்டது. 9 மி.மீ. போதும் என்று 2014 அளவில் எப்.பி.ஐ. தன் முடிவை மீளாய்ந்தது. 2016இல் 9 மி.மீ. குளொக் கைத்துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் செய்தது. பொலிஸ் திணைக்களங்கள் பின்தொடர்ந்தன. கழிக்கப்பட்ட 40 கலிபர் கைத்துப்பாக்கிகள் குறைந்த விலையில் கடைகளுக்கு வந்தன. முதல் தடவையாக வாங்குவோர் அவற்றை எடுத்து, வெளியளவு 40க்கும் உள்துளை 9க்கும் அமைந்த குழலையும் 9 மி.மீ. மகசினையும் சேர்த்துக்கொள்கிறார்கள். 40இலிருந்து 9க்கு இவ்வாறு இறங்கலாம். 9இலிருந்து 40க்கு ஏறுவது அவ்வாறு முடியாது. 40இன் கோதின் அடி அகன்றது. 9க்கென வெட்டிய மேற்சறுக்கியின் முகத்தில் அது அமராது.

ஒரு காலையில் மயாமியில் விழுந்த உயிர்கள், இருபத்தெட்டு ஆண்டுக்கால வாதப்பிரதிவாதம், ஒரு பெரிய நாட்டின் பொலிஸ் கொள்முதல் எல்லாம் சேர்ந்து என் மருமகனின் மேசை இலாச்சியில் மலிவு விலைப் பொருளாக வந்து கிடக்கின்றன.

சட்டம் எதைத் துப்பாக்கி என்கிறது

எனது கேள்விக்கு அமெரிக்கச் சட்டத்தில் திட்டமான விடை உண்டு. 1938ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் துப்பாக்கியின் எந்தப் பாகத்தையும் துப்பாக்கியாகவே கொண்டது. ஒவ்வொரு திருகாணியையும் கட்டுப்படுத்துவது நடைமுறைக்கு ஒவ்வாது என்று கண்டார்கள். மார்ட்டின் லூதர் கிங்கும் றொபேட் கென்னடியும் சில வார இடைவெளியில் கொலையுண்ட 1968ஆம் ஆண்டில், ஒக்டோபர் 22 அன்று ஜனாதிபதி ஜோன்சன் கையொப்பமிட்ட துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவ்வரைவிலக்கணத்தைச் சுருக்கியது. அதன்படி பாகங்களுள் சட்டகமே துப்பாக்கி. தொடரெண் அதில் பொறிக்கப்படும். வாங்குபவர் வணிகரிடம் படிவம் நிரப்பிப் பின்னணிச் சோதனைக்கு உட்படுவது அதற்காகவே. குழலுக்குக் கூட்டரசுச் சட்டத்தில் அத்தகைய நடைமுறை இல்லை. மருமகனின் இரண்டாவது குழல் வீட்டு வாசலுக்குப் பொதியாக வந்தது.

ஐரோப்பா வேறுவிதமாக எண்ணுகிறது. 2017ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியப் பணிப்புரை குழல், சட்டகம், மேற்சறுக்கி, உருளை முதலியவற்றை இன்றியமையாப் பாகங்களாக வகுத்து, அவற்றையும் துப்பாக்கியைப் போலவே கட்டுப்படுத்துகிறது. அங்கே இரண்டாவது குழல் இரண்டாவது பதிவு.

பொறியியல் மேலும் முன்னே ஓடிவிட்டது. 2014இல் வெளிவந்த சிக் பி320 கைத்துப்பாக்கியில், விசைப்பொறியைத் தாங்கிய உள்ளங்கை அளவுக்குக் குறைந்த உலோகக் கூடொன்றே தொடரெண் கொண்டது. பிடி, மேற்சறுக்கி, குழல், கலிபர் யாவும் அதனைச் சுற்றி மாற்றக்கூடியவை. 2017 ஜனவரியில் அமெரிக்க இராணுவம் அந்த வகையைத் தெரிந்தது. மறுபுறத்தில், முற்றுப்பெறாத சட்டகங்களைப் பாகத்தொகுதியாக விற்று, தொடரெண் இல்லாத 'பேய்த் துப்பாக்கி'களை வீட்டில் முடிக்கவிடும் வணிகம் பெருகியது. அவற்றுக்கும் தொடரெண்ணும் பின்னணிச் சோதனையும் வேண்டுமென 2022இல் வந்த விதியை, 2025 மார்ச் 26 அன்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 7 நீதியரசர்களுக்கு 2 என்ற பெரும்பான்மையில் உறுதிசெய்தது. பாகம் எங்கே முடிகிறது, துப்பாக்கி எங்கே தொடங்குகிறது என்பதைத் தீர்மானிக்க ஒரு நாட்டின் அதியுயர் நீதிமன்றமே அமர வேண்டியிருந்தது.

ஆக, சட்டத்தின்படி என் மருமகனிடம் இருப்பது ஒரு துப்பாக்கியே. அவர் சொன்னது சரி. ஆனால் எண் சட்டகத்தில் இருக்கிறது. சன்னத்தில் கீறலிடுவது குழல். எண்ணும் கீறலும் இரு வேறு பாகங்களுக்கு உரியவை. சாக்கோவின் வழக்கு நூறாண்டுக்கு முன்னர் காட்டியதும் இதையே.

இந்த இடத்தில் என் பழைய செய்திகள் நினைவுக்கு வருகின்றன. '9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கி' என்று நாம் எழுதியபோது உண்மையில் அறிந்திருந்தது நிலத்தில் கிடந்த ஒரு கோதின் அளவை மட்டுமே. அதே தோட்டாவைச் சுடும் உப இயந்திரத் துப்பாக்கிகளும் உலகில் ஏராளம். அந்தக் கோது எந்தக் குழலுக்கு உரியது, அந்தக் குழல் எந்தச் சட்டகத்தில் இருந்தது, அந்தச் சட்டகம் எந்தக் கையில் இருந்தது என்று அடுத்தடுத்துக் கேட்டிருக்க வேண்டும். எண்ணைக் கொடுத்தவர்கள் விசாரணை நடப்பதான தோற்றத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். நாம் அதனையும் அச்சிட்டோம். கேட்க முடியாத காலமும் இருந்தது என்பது உண்மை. கேட்கக்கூடியதாயிருந்த நாட்களிலும் நான் கேட்கவில்லை என்பதும் உண்மை.

தங்கைக்குச் செய்தி எட்டியபோது அவள் என்னிடம் கேட்டது ஒன்றே. "துவக்குக்குப் பயந்து கொண்டுபோன பிள்ளைக்கு அங்கையும் துவக்கோ, அண்ணா?" நான் பதில் சொல்லவில்லை. இரவில் தனியே கடையில் நிற்பவனின் பயம் எனக்குத் தெரியாது. அவளுடைய பயம் தெரியும்.

மருமகனுக்கு மட்டும் மவுசரின் சிவப்பு எண்ணின் கதையைச் சொன்னேன். இரண்டு கலிபரையும் ஒரே இலாச்சியில் வைத்திருப்பவனுக்கு அது வெறும் வரலாறு அல்ல என்றேன். அடுத்த கிழமை ஒரு படம் அனுப்பினார். பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி. அதனுள் 9 மி.மீ. மகசினின் அடித்தட்டில் சிவப்பு மையினால் எழுதிய 9. "அம்மாட்டைச் சொல்லுங்கோ மாமா, பெட்டி பூட்டித்தான் கிடக்கு" என்று கீழே எழுதியிருந்தார்.

சொன்னேன். அவள் படத்தைப் பார்க்க விரும்பவில்லை.